சுழலும் மிட்டாய் பல் துலக்கிய கதை

குச்சி மிட்டாயின் காம்பில் ஒரு பொத்தான். அமுக்கினால் நாக்கின் மேல் மிட்டாய் தானாகச் சுழலும். மிட்டாய் தின்னக்கூட மோட்டார் கேட்ட இந்தச் சோம்பேறிப் பண்டத்தின் பெயர் ஸ்பின் பாப். அமெரிக்கத் தொழில்முனைவர் ஜான் ஆஷரும் கூட்டாளிகளும் 1998-ல் அதை ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்துக்கு விற்றார்கள். பிறகு, அதே குட்டி மோட்டாரை வேறு எதில் பொருத்தலாம் என்று வால்மார்ட் கடையின் அலமாரிகளுக்கு நடுவே சுற்றி வந்தார்கள். டூத் பிரஷ் வரிசைக்கு வந்ததும் கால்கள் நின்றன. அன்றைக்கு நல்ல மின்சார பிரஷ் வேண்டுமென்றால் 50 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். சாதா பிரஷ்ஷோ இரண்டு மூன்று டாலர். நடுவில் எதுவுமே இல்லை.

மிட்டாயைச் சுழற்றும் மோட்டார் தூரிகையைச் சுழற்றாதா என்ன? சுழற்றியது. ஏறக்குறைய ஐந்து டாலர் விலையில் ஸ்பின்பிரஷ் கடைக்கு வந்தது. பெட்டியைப் பிரிக்காமலே பொத்தானை அமுக்கிப் பார்க்கலாம், அதுதான் விளம்பரம். 2001-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் அதை வாங்கியது. ஆஷர் குழுவுக்குக் கடைசியில் கிடைத்த தொகை 47.5 கோடி டாலர்.

அதற்கு முன்பு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மின்சார பிரஷ் வசதி படைத்தவர்களின் குளியலறைப் பொருளாகவே இருந்தது. 1954-ல் ஸ்விட்சர்லாந்தின் பிலிப் கி வூக் உருவாக்கிய பிராக்ஸோடென்ட், சுவரில் உள்ள பிளக்கில் செருகும் வயரோடு வந்தது. ஈரக் கையும் மின்சாரமும் சேர்ந்த அந்த ஏற்பாட்டை இன்று நினைத்தாலே பல் கூசும். கைகளை லாவகமாக அசைக்க முடியாத நோயாளிகளுக்கும், பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கும் என்றுதான் அது முதலில் வந்தது. 1961-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் வயரை அறுத்து, சார்ஜ் ஏற்றும் பேட்டரியை உள்ளே வைத்தது. முன்னும் பின்னும் திரும்பும் வட்டத் தலை ஓரல்-பி பிரஷ்ஷும், அதிர்வில் இயங்கும் சோனிகேரும் 1990-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்தன. இன்று கடையில் தொங்கும் மலிவு மாடல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்தவைதான்.

சரி, இதனால் பல்லுக்கு ஆதாயம் உண்டா? பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே படியத் தொடங்கும் பிசுபிசுப்பான கிருமிப் படலம்தான் எதிரி. துலக்காமல் விட்டால் அது எச்சிலில் உள்ள தாது உப்புகளால் இறுகிக் காரையாகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அசைக்க முடியாது, பல் டாக்டரிடம் போய்ச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 56 ஆய்வுகளை வைத்து 2014-ல் இதைப் பார்த்தது. கையால் துலக்கியவர்களைவிட மின்சார பிரஷ் பிடித்தவர்களிடம் முதல் மூன்று மாதங்களுக்குள் படலம் 11 சதவீதம் குறைந்திருந்தது; மூன்று மாதங்களுக்குப் பிறகு 21 சதவீதம். ஈறு அழற்சி முதலில் 6 சதவீதமும், பிறகு 11 சதவீதமும் குறைந்தது.

இந்த எண்களை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடலாம். ஆனால் இந்த வித்தியாசம் பல் ஆரோக்கியத்தில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெளிவாகவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டு நிமிடம் பொறுமையாக, மென்மையான பிரஷ்ஷால், எல்லா மூலைக்கும் போய்த் துலக்குகிறவருக்கு மின்சாரம் கட்டாயமில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அரை நிமிடத்தில் கொப்பளித்துத் துப்புகிறவருக்குத்தான் லாபம் அதிகம். மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டிக்கும், அடுத்தவர் துலக்கிவிட வேண்டிய நிலையில் இருப்பவருக்கும் இது ஆடம்பரமே இல்லை.

‘சோனிக்’ ரக பிரஷ் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘நிமிடத்துக்கு 31,000 அசைவு’ என்பது ஆளை மிரட்டும் எண். ஓர் அதிர்வுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு அசைவு. கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 260 அதிர்வுகள். கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய எண்தான்: ஒரு கட்டை சுருதியின் ஷட்ஜம் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. ‘சோனிக்’ என்ற பெயரில் வேறு மர்மம் இல்லை, காதுக்குக் கேட்கும் அதிர்வு, அவ்வளவுதான்.

எண்ணைவிட முக்கியம், அந்த அதிர்வு எங்கே போய்ச் சேருகிறது என்பது. மிக மலிவான சில மாடல்களில், கைபேசியை அதிரவைப்பதைப் போல, ஒரு பக்கம் கனம் கூடிய சிறு எடையைச் சுழற்றும் மோட்டார் கைப்பிடிக்குள் இருக்கும். பிடித்திருக்கும் கை மரத்துப்போகும். தூரிகையோ பெயருக்கு நடுங்கும். ஓடவிட்டு, தூரிகையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதே அடங்கிப் போகிற பிரஷ் கடைவாய்ப் பல்லில் என்ன செய்யப் போகிறது?

பென்சில் செல் போடும் ரகம் வாங்கும்போது மலிவு. ஆனால் செல் தீரத் தீர வேகம் படிப்படியாகக் குறையும். தினமும் பார்ப்பதால் நமக்கு உறைக்காது. லித்தியம் பேட்டரி வைத்த மாடல்களும் இப்போது எட்டாத விலையில் இல்லை. 2020-ல் ஷாவ்மி இந்தியாவில் அப்படி ஒன்றை 1,299 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. உள்ளூர் பெயர்களிலும் இந்த விலையை ஒட்டிப் பல கிடைக்கின்றன. ஐபிஎக்ஸ்7 என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள்.

உண்மையில் காசு கொடுக்கத் தகுந்தவை இரண்டே வசதிகள். ஒன்று, இரண்டு நிமிடக் கணக்கு. முப்பது விநாடிக்கு ஒருமுறை சற்றே நின்று, வாயின் அடுத்த கால்பகுதிக்கு நகரச் சொன்னால் இன்னும் நல்லது. மற்றொன்று, அழுத்திப் பிடித்தால் எச்சரிக்கும் உணரி. அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை பாத்திரத்துக்குச் சரி. பல்லில் அது ஈறைப் பின்வாங்க வைத்துவிடும். மலிவு மாடல்களில் உணரி அநேகமாக இருக்காது. பிரஷ்ஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனாவைப் போல விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். ஐந்து விதமான இயக்கம், கைபேசிச் செயலி, ‘வெண்மையாக்கும் முறை’ எல்லாம் விலையை ஏற்றும் அலங்காரங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு அவற்றைத் தொடுகிறவர்கள் குறைவு.

விலைப்பட்டியலில் கண்ணுக்குப் படாத செலவு தூரிகைத் தலை. மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு, கைப்பிடி 1,000 ரூபாய், தலை 250 ரூபாய் என்று ஒரு மாடல். கைப்பிடி 2,000, தலை 100 என்று இன்னொன்று. பெட்டியோடு வரும் ஒரு தலையைக் கழித்தால், மூன்று ஆண்டுகளில் வாங்க வேண்டியவை பதினொன்று. முதலாவதுக்கு ஆகும் மொத்தச் செலவு 3,750 ரூபாய், இரண்டாவதுக்கு 3,100. ஒரே கைப்பிடியில் ஆளுக்கொரு தலை என்று நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீட்டில் இந்த வித்தியாசம் இன்னும் விரியும். ஆகவே பிரஷ்ஷுக்கு முன்னால் தலையின் விலையைத் தேடுவதே புத்திசாலித்தனம். தனியாகத் தலை எங்குமே கிடைக்கவில்லை என்றால், மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும் கைப்பிடியைத்தான் வாங்குகிறோம்.

வாங்கிய பிறகு பலர் செய்யும் தவறு, பழக்க தோஷத்தில் இதையும் முன்னும் பின்னும் தேய்ப்பது. தேய்க்கும் வேலைக்குத்தான் உள்ளே மோட்டார் இருக்கிறது. ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் வைத்து, பல் பல்லாக மெதுவாக நகர்த்தினால் போதும். வாய்க்குள் வைத்த பிறகு பொத்தானை அமுக்க வேண்டும். முன்பே அமுக்கினால் பேஸ்ட் நுரை கண்ணாடியில் கோலம் போடும்.

ஸ்பின்பிரஷ்ஷின் கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. ஓரல்-பியை வைத்திருந்த ஜில்லெட்டை பிராக்டர் அண்ட் கேம்பிள் 2005-ல் வாங்கியபோது, இரண்டு பிரஷ்ஷும் ஒரே கையில் இருப்பது போட்டிக்குக் கேடு என்று ஸ்பின்பிரஷ்ஷை விற்க நேர்ந்தது. அது சர்ச் அண்ட் ட்வைட் நிறுவனத்திடம் போயிற்று. 2012 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதே பிரஷ்ஷைப் பற்றி எச்சரித்தது: ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை கழன்று சிலருக்குப் பல் உடைந்திருந்தது, உள்ளிருந்த உலோகத் துண்டு கன்னத்தையும் ஈறையும் குத்தியிருந்தது. விலை எதுவானாலும், தலை தளர்ந்திருக்கிறதா என்று தினமும் காலையில் வாயில் வைப்பதற்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்க்க ஒரு விநாடி போதும்.