வாவிக்கரையும் வைத்தியசாலையும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையிலே பெருந்தெருவும் சந்தையும் பெருகின. படுவான்கரையிலே வயலும் மேய்ச்சல் நிலமும் பரந்தன. ஆதலின் இந்நாட்டகத்தே பொதுப்பணத்தைக் கொண்டு வைத்தியசாலை அமைத்தல் என்பது, நோயாளி நீரைக் கடந்து வருதல் யாங்ஙனம் என்னும் வினாவோடு பிரிவின்றிப் பிணைந்துள்ளது. மண்முனையிலே பாலம் திறக்கப்பட்டது 2014இலே தான். அதுகாறும் அத்துறையிலே வண்டியும் மாந்தரும் ‘பாதை’ எனப்படும் மிதவையை நம்பியிருந்தனர். சுகாதாரச் செலவுக் கணக்கிலே பாலங்கள் இடம்பெறுவதில்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கோ பாலமும் வைத்தியசாலையின் ஓர் உறுப்பேயாம்.

இவ்வாவியின் நடுவிலே மாந்தீவு என்றொரு தீவு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரித்தானிய அரசு அங்கே தொழுநோயாளர்க்கென வைத்தியசாலை ஒன்றை நிறுவிற்று. கொழும்புக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் இல்லம் இதற்கு முன்னோடியாகும். நோயாளரைத் தனித்து வைக்கும் அதிகாரத்தை 1901ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. மருந்தில்லாத காலத்திலே அச்சமே கட்டடத்தின் இடத்தைத் தெரிந்தது. நீர் சூழ்ந்த நிலமாயின் மதில் எழுப்ப வேண்டியதில்லை அன்றோ!

நோர்வே நாட்டு ஹான்சன் 1873இல் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அது எளிதிற் பரவுவதன்று. பெரும்பாலார்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையை விதந்துரைத்தது. இலங்கை 1983இல் அதனை மேற்கொண்டது. ஆறு மாதமோ ஓராண்டோ வீட்டிலிருந்தபடியே மாத்திரை உட்கொண்டால் நோய் தீரும். 1995இல் நோயாளர் தொகை பதினாயிரவர்க்கு ஒருவருக்கும் கீழே இறங்கிற்று. எனினும் நோய் நீங்கிய பின்னரும் செல்லுமிடமின்றிச் சிலர் மாந்தீவிலேயே முதுமையுற்றனர். படகும் கூரையும் பணியாளர் சம்பளமும் ஆகிய செலவுகள், அத்தீவின் தேவை ஒழிந்த பின்னும் ஒழிந்தில.

இவ்வரலாற்றை மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமைப்பட்டோரின் சிகிச்சையோடு ஒப்புநோக்குதல் தகும். 1984இல் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தோன்றியது. அதன் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, காலி, கண்டி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் எழுந்தன. யாவும் வாவிக்கரைக்கு நெடுந்தொலைவு. உரையாடலே மருந்தாகும் இச்சிகிச்சையில், தாய்மொழி பேசாத இடத்துக்கு அனுப்பப்படும் நோயாளி பாதி மருந்தை இழந்தவனாவான். பொலநறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டு நிலையம் ஒதுக்குப்புறத்தே அமைந்தது. அங்கிருந்து 2022இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியமை நாடறிந்த செய்தி.

நெடுநாட் குடித்தவன் திடீரென நிறுத்துங்கால் முதல் மூன்று நாட்களே பேரிடர் மிக்கவை. வலிப்பும் மதிமயக்கமும் தோன்றி உயிரையும் போக்கவல்லன. அவற்றைத் தடுக்க வேண்டுவன தயமின் என்னும் உயிர்ச்சத்து, டயசிபாம் போன்ற விலைகுறைந்த மருந்து, நாடியும் குருதியமுக்கமும் நோக்கும் தாதி ஒருவர், ஒரு கட்டில். ஈரல் பழுதுற்றதோ என அறியும் இரத்தப் பரிசோதனையை ஆதார வைத்தியசாலையின் ஆய்வுகூடமே செய்துவிடும். புதுத் தீவோ புது மாளிகையோ வேண்டா. களுவாஞ்சிக்குடியிலும் வாழைச்சேனையிலும் உள்ள ஆதார வைத்தியசாலைகளின் பொது விடுதியிலே சில கட்டில்களை இதற்கென ஒதுக்குதல், கட்டடம் எழுப்புதலினும் எளிது. கடினமாவது, வீடு திரும்பியவனைப் பல மாதம் பின்தொடரும் தமிழறிந்த ஆலோசகரின் சம்பளத்தை ஆண்டுதோறும் ஒதுக்குதலே. திறப்புவிழாக் கல்வெட்டிலே பெயர் பொறிக்க இடந்தராத செலவு அது. ஆதலின் பாதீட்டிலே முதலில் வெட்டப்படுவதும் அதுவே.