உறுதியில் வாழும் பழைய வாசகங்கள்

மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். இவ்விரு கரைகளிலுமுள்ள காணிகளுக்கு எழுதப்பட்ட உறுதிகளிற் பத்தினை எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். விற்பவர், வாங்குபவர், விலை, எல்லை ஆகியவை வேறுபடும். எஞ்சியவை பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருக்கும்.

இதனைச் சோம்பலின் விளைவென்று கருதுதல் பொருந்தாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டுக்குக் குறையாத சாட்சிகள் முன்னிலையிலும் கைச்சாத்திடப்பட வேண்டுமென விதித்தது. உறுதி எழுதும் தொழிலில் சில வாசகங்கள் காலப்போக்கில் நிலைபெற்றன. விற்பவர் தம் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் வாசகமும், பிறர் உரிமை கோரின் அதனைக் காத்துத் தருவதாக அவர் ஒப்பும் வாசகமும் அத்தகையன. நீதிமன்றங்களிற் பன்முறை ஆராயப்பட்டுப் பொருள் தெளிந்த வாசகத்தை விடுத்துப் புதியதொன்றைப் புனைவது, தேர்ந்த தோணியை விட்டுப் புதிய தெப்பத்தில் வாவியைக் கடக்க முயல்வது போலாகும்.

ஆயினும், மீண்டும் மீண்டும் ஆளப்படும் வாசகங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஒரு வகை, எக்காணிக்கும் பொருந்துவது. உரிமை மாற்ற வாசகம் இவ்வகையைச் சேரும். இரண்டாம் வகை, ஒரு காணிக்கே உரியது. எல்லையும் பரப்பளவும் இவ்வகையின. மூன்றாம் வகை, அன்றைய கருமத்துக்கு மட்டுமே உரியது. விலையும் திகதியும் அத்தகையன. முதல் வகையை எழுத்து மாறாமல் எடுத்தாளலாம். மூன்றாம் வகையை எவரும் எடுத்தாளார். இடர் விளைவது இரண்டாம் வகையிலேயே. அது நிலையானது போலத் தோன்றும். ஆனால் காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும்.

மட்டக்களப்பில் மணமாகும் பெண்மக்களுக்கு வீடும் வளவும் கொடுப்பது பழைய வழக்கு. ஒரு தாயின் வளவு மூன்று பெண்மக்களுக்கு மூன்று நன்கொடை உறுதிகளாகப் பிரிகின்றது என்று கொள்வோம். தாயின் உறுதியில், மேற்கே வாவி, வடக்கே இன்னாரின் காணி என்று கண்டிருக்கும். எழுதிய நாளில் அது மெய்யே. ஆனால் மாரியில் வாவி பெருகிக் கரையேறும், கோடையில் பின்வாங்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்தாலும், அதனை வெட்டித் திறந்தாலும் நீர்மட்டம் மாறும். வடக்கே இருந்தவரும் காலமாகி, அவர் காணி பலர் கைக்கு மாறியிருக்கும். பழைய வாசகத்தை அப்படியே பெயர்த்தெழுதினால் ஒரு பிழை மூன்றாகும். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒன்பதாகும். ஓர் உறுதியைத் திருத்துவதனால் மற்றவை தாமாகத் திருந்தா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திருத்த உறுதி எழுத வேண்டும். அயலார் இருவர் வேலிக்காக வழக்காடுகையில், இருவர் கையிலும் முறைப்படி கைச்சாத்திட்ட உறுதி இருந்தும் அவை ஒன்றோடொன்று ஒவ்வாமை இவ்வாறும் நேர்கின்றது.

இதற்கு மாற்று யாது? பெயர்த்தெழுதுவதோடு நில்லாது, மூலத்தைச் சுட்டுவதே. எல்லைகளை உறுதியிற் குறித்தல் சட்டத்தின் விதி. அதனோடு நில அளவையாளர் வரைந்த படத்தின் இலக்கம், திகதி, துண்டின் இலக்கம் என்பவற்றையும் காட்டினால், ஐயம் எழும்போது பார்க்கவேண்டிய இடம் ஒன்றாகிவிடும். காணிப் பதிவகத்தின் ஏடுகளும் இம்முறையினவே. ஒரு காணியின் பதிவுகள் ஓரேட்டிலிருந்து வேறோர் ஏட்டுக்குச் செல்லும்போது, ஒன்றில் மற்றதன் இலக்கம் குறிக்கப்படும்.

இன்றைய தொழில் நிறுவனங்களும் இக்கொள்கையைக் கைக்கொள்கின்றன. இருபது வகை நீரிறைக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஆலை ஒன்றில், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை இருபது கைநூல்களிலும் இடம்பெறும். அதனை இருபது முறை எழுதி வைத்தால், திருத்தம் வரும்போது ஒன்று விடுபடக்கூடும். விடுபட்ட கைநூலை நம்பியவரின் உயிருக்கே கேடு நேரலாம். ஆதலின் எச்சரிக்கையை ஒருமுறை எழுதி, எல்லாக் கைநூல்களும் அதனையே சுட்டுமாறு கணினியில் அமைப்பர். இதற்கென ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய டிட்டா என்னும் முறை 2005ஆம் ஆண்டில் ஒயாசிஸ் அமைப்பினால் நியமமாக ஏற்கப்பட்டது. மூலத்தில் நேரும் ஒரு பிழையும் எங்கும் பரவுமாதலால், ஒவ்வொரு வாசகத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். மீளச் சரிபார்க்கும் காலமும் குறிக்கப்பட வேண்டும்.

மூலத்தைப் பேணுதலின் அருமையை 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுவான்கரை உணர்ந்தது. ஆழிப்பேரலையில் வீடுகளோடு உறுதிகளும் போயின; எல்லை காட்டி நின்ற வேலிகளும் மரங்களும் போயின. ஆனால் 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி, உறுதியின் இரண்டாம் பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். அவ்வாறு சேர்ந்த பிரதி பதிவகத்தில் இருந்தவரையில், சான்றிட்ட பிரதியொன்றைப் பெற வழியிருந்தது. அதிலும் படத்தைச் சுட்டிய உறுதி காணியை மீண்டும் அளந்து காட்ட உதவும். வேலியையும் மரத்தையும் மட்டுமே சுட்டிய உறுதி எதனைக் காட்டும்?

எனவே, கைச்சாத்திடும் முன்னர் ஒவ்வொரு பந்தியையும் குறித்து இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். இவ்வாசகம் எங்கிருந்து வந்தது? இதனை இறுதியாகச் சரிபார்த்தவர் யார்? விடையுள்ள வாசகத்தை நூறுமுறையும் எடுத்தாளலாம். விடையில்லாததை ஒருமுறை எடுத்தாளுவதும் ஆபத்தே.