துணை நிற்கும் இயந்திரம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பல் ஒரு நாள் பிந்துமென்று நள்ளிரவிலே செய்தி வருவதாகக் கொள்வோம். முகவர் அலுவலகத்தில் ஆளில்லை. குரலஞ்சல் இயந்திரம் அதனை ஏற்கின்றது. உடனே அவ்வியந்திரம் பழுதுற்றால், விடியலில் தொழிலாளர் வீணே வந்து திரும்புவர்.

இதற்காகவே இரண்டாவது இயந்திரம் துணை நிற்கின்றது. முதலாவது ஏற்கும் செய்திகள் உடனுக்குடன் இதிலும் படியெடுக்கப்படும். முதலாவது சில விநாடிகளுக்கொருமுறை ‘நலம்’ என்று குறிப்பு அனுப்பும். அடுத்தடுத்துச் சில குறிப்புகள் வாராவிடின், துணை இயந்திரமே அழைப்புகளை ஏற்கும். இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால் இரண்டும் தலைமை கொள்ள முற்படுமன்றோ? ஆகவே நடுவராக மூன்றாவதொன்றும் வேண்டும்.

இரண்டையும் ஓரறையில் வைத்தல் பேதைமை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. ஒன்று துறைமுகத்திலும் மற்றொன்று உள்நாட்டிலே கந்தளாயிலும் இருப்பின், கடல் பொங்கினும் செய்தி பிழைக்கும்.