இன்வெர்ட்டர் வாங்குமுன்

மின்கம்பி எட்டாத தோட்டக் குடியிருப்புகளில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 240 வோல்ட் மின்சாரம் பெற உதவும் கருவியே இன்வெர்ட்டர். கடைக்குச் செல்வோரின் கண்ணில் '2000 வாட்' எனக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட மலிவுப் பெட்டிகளே முதலில் படும். அவ்வெண் பெரும்பாலும் நொடிப்பொழுதே தாங்கும் உச்ச அளவாகும். தொடர்ந்து தாங்கும் அளவு யாது என வினவுதல் வேண்டும்.

எனினும், எல்லையை வகுப்பது பேட்டரியே. 10 வாட் விளக்குகள் இரண்டு, 50 வாட் மின்விசிறி, 40 வாட் தொலைக்காட்சி ஆகியவை சேர்ந்து 110 வாட். இழப்பையும் கூட்டினால், இதற்குப் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் செல்லும். 60 ஆம்பியர்-மணி கார் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே கிடைப்பது மூன்று மணி நேரமே! இக்குடும்பத்திற்கு 300 வாட் கருவியே போதும். மிச்சப் பணத்தை ஆழ்ந்த பயன்பாட்டிற்கென்றே செய்யப்பட்ட பேட்டரிக்குச் செலவிடலாம். சோறாக்கும் மின்பானையை இதில் மாட்டும் எண்ணமே வேண்டா; 600 வாட் பானை 50 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும்.

மலிவுக் கருவிகள் பலவற்றின் மின்னலை படிப்படியாக ஏறியிறங்கும். இதனால் விசிறி உறுமும், சூடேறும். விசிறி அவசியமானால், சற்றுக் கூடுதல் விலையாயினும் 'தூய சைன் அலை' வகையே ஏற்றது.

பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் பொருத்துக. கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். பேட்டரிதானே என்று பிள்ளைகளைத் தொடவிடாதீர். கருவியிலிருந்து வெளிவரும் 240 வோல்ட் உயிரைப் பறிக்கும். மின்னேற்றும்போது பேட்டரி எரியக்கூடிய வாயுவை வெளியிடுமாதலால், அதனைப் படுக்கையறையில் வைக்கலாகாது.