கரும்புத் தோட்டத்தில் எழுந்த பள்ளிக்கூடங்கள்

தேயிலைக்கு நாம் எப்படியோ, கரும்புக்கு அவர்கள் அப்படி. பசிபிக் சமுத்திரத்தில், அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட சின்ன நாடு பிஜி. அங்கே கரும்பு வெட்டப் போன நம்மைப் போன்ற ஏழைத் தொழிலாளர்கள், தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே ஒரு சங்கம் அமைத்துப் பாடசாலைகள் கட்டினார்கள். அந்தச் சங்கம் நூறு வருடங்களாக நின்று நடக்கிறது. அது எப்படி முடிந்தது என்பதைத் தோட்டத்துப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்து இதை எழுதுகிறோம்.

கிர்மிட் என்ற கட்டு

1879ஆம் ஆண்டு முதல் 1916ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் கப்பலில் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் ஆள் ஏற்றினார்கள். மொத்தத் தொகையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத் தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசிய தென்னாட்டவர்.

நம் முன்னோர் கங்காணியின் பின்னால் இலங்கைக்கு வந்தார்கள். இங்கே அவர்களைக் கட்டிப்போட்டது கடன். பிஜிக்குப் போனவர்களைக் கட்டிப்போட்டது ஐந்து வருட ஒப்பந்தம். ‘அக்ரிமென்ட்’ என்ற இங்கிலீஷ் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. கிழமை நாட்களில் ஒன்பது மணித்தியால வேலை. ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷிலிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் அதுவும் முழுசாகக் கைக்கு வராது. மகாகவி பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடியது இந்தப் பெண்களின் துயரத்தைத்தான்.

1920ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்பந்த முறை ஒழிந்தது. ஊருக்குத் திரும்பியவர்கள் போக மிச்சம் பேர் அங்கேயே துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் படிப்பு? கரும்புக் கம்பனிக்கு வேண்டியது வெட்டுகிற கை. அரசாங்கமும் அவசரப்படவில்லை. சமூகங்கள் தாமே பாடசாலை தொடங்கினால் உதவித் தொகை தருவோம் என்பதே அன்றைய ஏற்பாடு. ‘நீ முதலில் கட்டு, பிறகு பார்க்கலாம்’ என்று சொன்ன மாதிரிதான்.

ஒரு தொழிலாளி தொடங்கிய சங்கம்

அப்போது முன்னுக்கு வந்தவர் சாது குப்புசாமி. அவரும் கிர்மிட்டில் போனவர்தான். பெரிய படிப்பாளியோ பணக்காரரோ அல்ல. 1926ஆம் ஆண்டு நாடி என்ற ஊரில் தென்னாட்டவர்களைக் கூட்டி ‘தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தமிழர், தெலுங்கர், மலையாளி என்ற பேதம் இல்லாமல் எல்லாரும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதால்தான் ‘ஐக்கிய’ என்ற சொல் பெயரிலேயே வந்தது.

சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் இராமகிருஷ்ண மிஷன் 1937இல் சுவாமி அவினாசானந்தரை அனுப்பியது. 1939இல் சுவாமி ருத்ரானந்தர் வந்தார். அவர் 1985இல் காலமாகும் வரை பிஜியிலேயே தங்கி உழைத்தார். சங்கத்தின் பாடசாலைகள் ஒவ்வொன்றாகப் பெருகின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளும் சில உயர்நிலைக் கல்லூரிகளும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. நாடியில் உள்ள ஒரு கல்லூரி சாது குப்புசாமியின் ஞாபகார்த்தமாக அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காசு எங்கேயிருந்து வந்தது?

இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். பெரிய தனவந்தர் ஒருவர் வந்து கட்டிக் கொடுத்ததல்ல. கரும்புக் காசு நம் சம்பளம் போல மாதா மாதம் வருவதில்லை. வெட்டு முடிந்து ஆலைக்குப் போன பிறகு தவணை தவணையாக வரும். கையில் காசு இல்லாத மாதங்களில் கைவேலைதான் உதவியது. ஒருவர் மரம் கொண்டுவருவார், ஒருவர் கூரை வேய்வார், இன்னொருவர் மேசை வாங்கு அடிப்பார். இப்படித்தான் பல பாடசாலைகள் வெறும் கொட்டகையாகத் தொடங்கிப் பிறகு கட்டடமாயின.

பிஜியில் இன்றைக்கும் அரசாங்கம் நேரடியாக நடத்தும் பாடசாலைகள் கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றைக் கிராமக் குழுக்களும் கோவில், தேவாலயச் சபைகளும் சமூகச் சங்கங்களும் நடத்துகின்றன. ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். காணி, கட்டடம், அவற்றைப் பராமரிப்பது குழுவின் பொறுப்பு. 2014ஆம் ஆண்டு முதல் கல்விக் கட்டணத்தை அரசாங்கமே மானியமாகக் கொடுக்கிறது. அதனால் பெற்றோரின் பாரம் குறைந்தது. ஆனால் மானியம் வந்தால் கணக்கும் வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதாத, வரவு செலவு காட்டாத குழுவை யாரும் நம்பமாட்டார்கள்.

சங்கத்தில் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் தனித்தனியே உண்டு. ஈஸ்டர் விடுமுறையில் வருடாந்த மாநாடும் உதைபந்தாட்டப் போட்டியும் நடக்கும். வெளிநாடு போய்க் குடியேறிய பிஜிக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதற்கு வருவார்கள். பந்து பார்க்க வருகிற இளைஞன் சங்கத்தோடும் ஒட்டிக்கொள்கிறான்.

நிலம் கைவிட்டபோது

பிஜியில் பெரும்பகுதி நிலம் அந்நாட்டின் பூர்வீகக் குடிகளுடையது. அதை விற்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த குத்தகைகளில் பல 1997 முதல் முடிவுக்கு வந்தன. புதுப்பிக்க முடியாத குடும்பங்கள் கரும்புத் தோட்டத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறி, பட்டண ஓரங்களில் குடிசை போட்டன. 1987இலும் 2000இலும் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளும் இந்திய வம்சாவளியினரின் மனதில் பயத்தை விதைத்தன. ஆயிரக்கணக்கானோர் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று போனார்கள்.

அந்த நேரத்தில் கை கொடுத்தது படிப்பு. தாத்தா வெட்டிய வயல் போய்விட்டது. ஆனால் ஆசிரியராகவோ கணக்காளராகவோ தாதியாகவோ படித்து வந்த பேரப்பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொண்டது. காணி உரிமைக்காக இன்னும் காத்திருக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் தொழிற்பயிற்சி

பாடசாலையோடு சங்கம் நிற்கவில்லை. தாதியர் பயிற்சிக்கு வனுவா லெவு தீவுப் பிள்ளைகள் முன்பெல்லாம் கடல் கடந்து தலைநகர் சுவாவுக்குப் போக வேண்டியிருந்தது. தங்குமிடம், சாப்பாடு, பயணம் என்று செலவு. பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயம் வேறு. 2000க்குப் பிந்திய வருடங்களில், அந்தத் தீவின் லபாசா பட்டணத்திலேயே சங்கம் தாதியர் கல்லூரி ஒன்றைத் திறந்தது. தென்னாட்டவர் பிள்ளைகள் மட்டுமல்ல, பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். சங்கத்தின் மற்றப் பாடசாலைகளிலும் அப்படியே. வாசலை எல்லாருக்கும் திறந்து வைத்ததால்தான், இனப் பிரச்சினை சூடாக இருந்த காலத்திலும் அவை ஊருக்குப் பொதுவானவையாக நின்றன.

ஒன்றை மட்டும் அவர்களால் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. அதுதான் மொழி. தோட்டங்களில் எல்லாரும் பேசிய ஹிந்தியே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சங்கம் தமிழும் தெலுங்கும் கற்றுக் கொடுத்தது. ஆனாலும் அடுப்படியில் பேசாத மொழியைப் பாடப் புத்தகம் மட்டும் எவ்வளவு காலம் தாங்கும்? இன்று மாரியம்மன் கோவில் தீமிதியிலும் காவடியிலும் தமிழ் கேட்கிறது. அன்றாடப் பேச்சில் அருகிவிட்டது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நம் பாடசாலைகளை அரசாங்கம் நடத்துகிறது. கட்டடம் கட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, பெற்றோர் கூட்டம் இருக்கிறது. ‘கொழுந்துக்குப் போகணும், நேரமில்லைங்க’ என்று சொல்லாமல், ஒரு வீட்டுக்கு ஒருவராவது அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போனால் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றார்கள்? அவர்கள் நின்றது பஸ் காசு இல்லாமலா, சப்பாத்து கொப்பி இல்லாமலா, வேறு காரணமா? படிப்பை விட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் என்ன தொழிற்பயிற்சி கிடைக்கும்?

பதிலை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை என்று தெரிந்தால், பத்து வீடு சேர்ந்து ஒரு பிள்ளையின் பஸ் காசைப் பொறுப்பெடுப்பது பெரிய காரியமில்லை.