ஓய்வெடுக்க மறுத்த டெட் வில்லியம்ஸ்

1941 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கன் லீக் பேஸ்பால் பருவத்தின் கடைசி நாள். பிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க் மைதானத்துக்கு வந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸின் பேட்டிங் சராசரி 0.39955. முந்தைய நாள் நான்கு வாய்ப்பில் ஒரே ஒரு ஹிட் அடித்ததால் சற்றே இறங்கியிருந்தது. ஆனாலும் பேட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ஏட்டில் 0.400 என்றே பதிவாகும். விரும்பினால் ஆட வேண்டாம் என்று மேலாளர் ஜோ குரோனின் சொல்லியும் பார்த்தார். 23 வயது வில்லியம்ஸ் கேட்கவில்லை. அன்று அடுத்தடுத்து நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 வாய்ப்புகளில் 6 ஹிட் அடித்தார். பருவம் முடிந்தபோது சராசரி 0.406.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணின் கனம் சட்டென்று பிடிபடாது. பேஸ்பால் சராசரியில் ரன்னுக்கு வேலையில்லை. எத்தனை வாய்ப்பில் எத்தனை முறை பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸை எட்டினார் என்பதே கணக்கு. பத்துக்கு மூன்று முறை எட்டினாலே கெட்டிக்காரர். வில்லியம்ஸ் ஒரு பருவம் முழுக்கப் பத்துக்கு நான்கைத் தாண்டினார். 37 ஹோம் ரன்களோடு அதிலும் லீக்கில் முதலிடம். அவருக்கு அஞ்சிய பிட்சர்கள் (பந்தை எறிபவர்கள்) 140 தடவைக்கு மேல் எட்டாத பந்துகளைப் போட்டு முதல் பேஸைச் சும்மாவே கொடுத்தார்கள். அது சராசரியில் சேராது.

அதே பருவத்தில் நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ, மே 15 முதல் ஜூலை 16 வரை 56 ஆட்டங்களில் தொடர்ந்து ஹிட் அடித்தார். கிளீவ்லாந்தில் மூன்றாம் பேஸ் காவலர் கென் கெல்ட்னர் இரண்டு பாயும் பந்துகளை மடக்கிய ஜூலை 17 அன்றுதான் அந்தத் தொடர் முடிந்தது. டிமாஜியோவின் சராசரி 0.357. மிகச் சிறந்த வீரர் விருதைப் பத்திரிகையாளர்கள் அவருக்கே கொடுத்தார்கள். அவர் அணிதான் கோப்பையும் வென்றது. ஆனால் பேட்டை மட்டும் வைத்து எடை போட்டால் அந்தப் பருவம் வில்லியம்ஸுடையது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சராசரியில் அவருக்கு அடுத்து நின்றவர் டிமாஜியோ அல்ல, வாஷிங்டனின் செசில் டிராவிஸ்: 0.359. பிறகு போருக்குப் போய், ஐரோப்பாவில் பனியால் பாதங்கள் பாதிக்கப்பட்டுத் திரும்பினார். 0.300 அவருக்கு மறுபடி எட்டவே இல்லை.

இந்தச் சராசரிப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அன்று மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் ஜோஷ் கிப்சன், கறுப்பினத்தவருக்கான தனி லீக்குகளில் ஆடியே 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸில் களமிறங்கியது அதற்கு மூன்று மாதம் கழித்து. 2024-ல்தான் அந்த லீக்குகளின் புள்ளிவிவரங்கள் மேஜர் லீக் ஏட்டில் ஏறின. 1943-ல் கிப்சன் அடித்த 0.466 இப்போது ஒரு பருவத்தின் உச்ச சராசரி. ஆட்டங்கள் குறைவு என்று முணுமுணுப்பவர்கள், அவரை முழுப் பருவம் ஆடவிடாதவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வில்லியம்ஸ் இதை முன்பே சொன்னார். 1966-ல் கூப்பர்ஸ்டவுனில் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் பெற்ற மேடையிலேயே, அந்தத் தனி லீக்குகளின் பிட்சர் சாட்செல் பெய்ஜும் ஜோஷ் கிப்சனும் அங்கே இடம்பெற வேண்டும் என்று கேட்டார். பெய்ஜ் 1971-லும் கிப்சன் 1972-லும் சேர்க்கப்பட்டார்கள்.