ஷூரி கோட்டை: ஒரே முற்றம், இரு பேரரசுகள்

ஒகினாவாவின் ஷூரி கோட்டை முற்றத்தில், முதன்மை மண்டபம் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடப்புறத்து வடக்கு மண்டபம் சீனத் தூதர்களை வரவேற்ற இடம். வலப்புறத்துத் தெற்கு மண்டபம் ஜப்பானின் சத்சுமா சிற்றரசின் அதிகாரிகளுக்கானது. (மூன்றும் 2019 தீயில் எரிந்தன.)

ஒகினாவாவிலிருந்து 1372 முதல் சீனப் பேரரசருக்குத் திறை சென்றது. பதிலுக்கு மன்னருக்கு அங்கீகாரமும் வணிகர்களுக்குச் சீனத் துறைமுகமும் கிடைத்தன. 1609-இல் சத்சுமா படை, ஒகினாவாவை ஆண்ட ரியூக்கியூ அரசைத் தாக்கியது. சிறைபிடிக்கப்பட்ட மன்னர் ஷோ நெய், பணிந்து நடப்பதாக ஒப்பமிட்ட பிறகே 1611-இல் நாடு திரும்பினார். ஒப்பமிட மறுத்த அமைச்சர் ஜானா கொல்லப்பட்டார். மன்னரின் பணிவைக் கோழைத்தனம் என்று சொல்வது நியாயமல்ல; அவர் கையெழுத்தால்தான் அரசு எஞ்சியது.

சீன வணிகத்தின் லாபம் சத்சுமாவுக்கும் தேவைப்பட்டதால் திறை தொடர்ந்தது. புதிய மன்னருக்கு முடிசூட்ட வரும் சீனத் தூதுக்குழுவில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள்; மாதக்கணக்கில் தங்குவார்கள். அந்நாட்களில் சத்சுமா அதிகாரிகள் நாஹா நகரைவிட்டு ஒதுங்கினர். ஜப்பானியத் தொடர்பைக் காட்டும் பொருள்கள் மறைக்கப்பட்டன. விருந்தோம்பலும் அரச தந்திரமே. 1719-இல் தூதர்களுக்காகத் தமகுசுகு சோகுன் அரங்கேற்றிய 'குமியோதோரி' இசை நாடகம் இன்றும் ஒகினாவாவில் நடிக்கப்படுகிறது.

1875-இல் திறையை நிறுத்தச் சொன்னது ஜப்பான். உதவி கேட்டு ரியூக்கியூவின் ரகசியத் தூதர்கள் சீனாவுக்குக் கடல் கடந்தனர். 1879-இல் ரியூக்கியூவை ஜப்பான் தன்னுடன் இணைத்துக்கொண்டது; கடைசி மன்னர் ஷோ தாய் டோக்கியோவில் குடியமர்த்தப்பட்டார்.